வேனுக்குக் காரம் ஆகாது

மிளகாயால் தீராத பிரச்சினை எதுவும் இந்தப் பூமியில் இல்லை என்று நம்பும் ஒரு மனிதரோடு, ஒரே வீட்டில் ஐந்து வருடம் வாழ்ந்தும் பகுத்தறிவு கெடாமல் இருப்பவன் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிற்கால ஆராய்ச்சியாளர்களுக்கு உதவுமே என்று பதிவு செய்கிறேன்.

அந்த மனிதர் என் அத்தான். அக்காவைக் கட்டியவர். வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவர். கார், லாரி, வேன் எதுவாக இருந்தாலும் அதன் வயிற்றுக்குள் தலையை விட்டு, எந்த வயர் எங்கே செத்துக் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பார். அது வரைக்கும் சரி. பட்டறைக் கூரைமேல் ஒன்பது காலி பெயின்ட் டப்பாக்களில் மிளகாய்ச் செடி வைத்திருக்கிறாரே, சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த மிளகாய் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். தோல் சுருங்கி, யார்மீதோ தீராத கோபத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிகாரியின் முகம் மாதிரி. சமையலுக்கு ஆகாது. ஒரு தடவை அம்மா ஒரே ஒரு காயைக் கிள்ளிக் குழம்பில் போட்டாள். அன்று முழுக்க வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. சண்டை இல்லை. வாய் இல்லை.

ஆகவே அத்தான் அதை மற்ற எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினார். கைக்கு உறை போட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, காய்களை நறுக்கி ஸ்பிரிட்டில் ஒரு வாரம் ஊறவைப்பார். வடிகட்டி வார்னிஷில் கலந்தால் வயர்களுக்கு, எலி கடிக்காது. மெழுகில் கலந்தால் அம்மாவின் முழங்காலுக்கு. காயவைத்துப் பொடித்துத் தானியத்தில் கலந்தால் மாடியில் குருவிகளுக்கு. அணில் ஒரு வாய் வைத்துவிட்டு ஓட்டம் பிடிக்கும். குருவி அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். பறவைகளுக்குக் காரம் உறைக்காதாம். குளிர் அதிகமாக இருந்த ஒரு நாள் காலுறைக்குள் ஒரு சிட்டிகை பொடி தூவிக்கொண்டு வேலைக்குப் போனார். "கால் நல்லா கதகதன்னு இருந்துச்சு மச்சான்" என்றார் சாயங்காலம். இரண்டு காலையும் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

அம்மாவிடம் சாட்சி கேட்டுப் பயனில்லை. "எரியுதாம்மா?" என்று முழங்காலைக் காட்டிக் கேட்டால், "எரியுது. ஆனா நல்லா எரியுது" என்பாள். மருமகனை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

எனக்கு நகம் கடிக்கும் பழக்கம் உண்டு. பரீட்சை வந்தால் பத்து விரலும் பந்திக்கு உட்காரும். அதற்கும் அத்தானிடம் மருந்து இருந்தது.

"நகத்துல ஒரு சொட்டு வெச்சுக்கோ மச்சான். ரெண்டே நாள்ல விட்டுடும்."

"எது அத்தான்? பழக்கமா, விரலா?"

"சிரி, சிரி. பயிருக்குள்ள யானை வராம இருக்க மிளகாய்க் கயிறு கட்டறாங்க, தெரியுமா? யானையே ஒதுங்கிப் போகுது. உன் நகம் எம்மாத்திரம்?"

கல்லூரியில் நான் 'கொட்டாவி' என்று ஒரு பக்கச் சுவரேடு நடத்துகிறேன். ஆசிரியர், நிருபர், வாசகர் கடிதம் எழுதும் வாசகர் எல்லாம் நானே. இவ்வளவு விஷயத்தை வீட்டில் வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தால் அது பத்திரிகைத் தொழிலுக்கே துரோகம். 'மிளகாயும் மனிதகுலமும்' என்று எழுதி ஒட்டினேன். உடைந்த பாலம், காதல் தோல்வி, தேர்தல் வாக்குறுதி ஆகிய மூன்றுக்கும் மிளகாய் வைத்தியம் சொல்லும் ஒரு மேதையைப் பற்றியது. கேன்டீனில் அதைச் சத்தம் போட்டுப் படித்தார்கள். எப்படியோ ஒரு பிரதி அத்தான் கைக்கும் போயிற்று. நின்றபடியே முழுக்கப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஸ்பிரிட்ல ஊறவெக்கிறது மூணு நாள்னு போட்டிருக்கே. ஒரு வாரம். அடுத்த தடவை திருத்திடு" என்றார்.

இப்படிப்பட்ட ஆளைக் கிண்டல் செய்வது தண்ணீரைக் குத்துவது மாதிரி.

அக்காவின் வேனுக்கு வருகிறேன். அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பதினான்கு பிள்ளைகள். காலை ஏழு மணிக்கு முதல் பிள்ளை ஏற வேண்டும். தெருவில் வேன் நிறுத்த இருக்கும் ஒரே இடம், கோழித் தீவனக் கடையின் பின்சுவர் ஓரம். தீவனத்தை ராத்திரி முழுக்கச் சாப்பிடும் எலிகள், வாய்க்கு மாற்றாக வேன் வயர்களைக் கடிக்கும். போன மாதம் ஒரு நாள் அப்படிக் கடித்ததில் வேன் நடுச்சந்தியில் நின்றுவிட்டது. பிள்ளைகள் முதல் பாடவேளை போனதே என்று மகிழ்ந்தார்கள். பள்ளிக்கூடம் மகிழவில்லை.

அத்தான் உடனே களத்தில் இறங்கினார். வயர், ஃபியூஸ் பெட்டி, மூடி, பிடி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் மிளகாய் வார்னிஷ் அடித்தார். எலி வரவில்லை. நான்காம் நாள் அக்கா வண்டி ஓட்டும்போது ஃபியூஸ் பெட்டி மூடி ஆடுகிறதே என்று ஒரு கையால் அழுத்தினாள். அதே கையால் கண்ணைத் துடைத்தாள். அதற்கப்புறம் ஓரமாக நிறுத்தி முக்கால் மணி நேரம் கண்ணீர் விட்டாள். பிள்ளைகள் பயந்துபோய், நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, 'அழாதீங்க அக்கா, நாங்க இருக்கோம்' என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் பள்ளி அலுவலக அம்மா ஒரு கடிதம் கொடுத்தாள். இரண்டு தடவை ஆகிவிட்டது. பருவம் முடிவதற்குள் இன்னொரு நாள் வேன் நின்றால், அக்கா ஓட்டும் வழியை நீல வேன் வைத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நீல வேன்காரர் நல்ல மனிதர். எங்கள் தெருவுக்கே வந்து, "உங்க சந்துல பெரிய வண்டி திரும்புமா?" என்று அக்காவிடமே விசாரித்துவிட்டுப் போனார்.

அக்கா அத்தானைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "இனிமே வேன்ல மிளகாய் ஏறினா, நீங்க வீட்டுக்குள்ள ஏறக்கூடாது."

அத்தான் தலையாட்டினார். அன்றைக்கே வேனைத் துடைத்தும் கொடுத்தார்.

இந்த இடத்தில்தான் அறிவியல் உள்ளே நுழைந்தது. அதாவது நான். மூன்றாம் வருட எலக்ட்ரானிக்ஸ் மாணவன்.

"அக்கா, எலியை விரட்ட எதையும் பூச வேண்டாம். மனுஷக் காதுக்குக் கேக்காத ஒரு சத்தம் இருக்கு. எலிக்கு அது காதுக்குள்ள இடி இடிக்கிற மாதிரி. ஒரு சின்னப் பெட்டி. நானே செய்யறேன்."

"நிஜமா வேலை செய்யுமாடா?"

"அறிவியல்க்கா."

"அதான் கேக்கறேன்."

சோப்பு டப்பா ஒன்றில் கருவியை அடக்கினேன். மேலே மூன்று விளக்குகள். அவற்றுக்கு ஒரு வேலையும் இல்லை. பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டுமே. வண்டி நிற்கும்போதும் ஓட வேண்டும் என்பதால், இன்ஜினுக்குப் போகும் ஃபியூஸிலிருந்தே ஒரு மஞ்சள் வயரை இழுத்து மின்சாரம் கொடுத்தேன். அத்தான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

"இதுக்குத் தனி ஃபியூஸ் போட்டுடேன் மச்சான்."

"அதெல்லாம் பழைய காலத்து ஆளுங்க செய்யறது அத்தான். இது இழுக்கிற கரன்ட் கொசு மூச்சு அளவு."

"சரி."

கருவியின்மேல் 'தொடாதே' என்று ஒரு சீட்டும் ஒட்டினேன். யாரை மனதில் வைத்து ஒட்டினேன் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

மூன்று வாரம் போயிற்று. ஒரு வயரில்கூடப் பல் படவில்லை. நான் வீட்டுக்குள் நடக்கும் நடையே மாறிப்போனது. சாப்பாட்டு வேளையில் அத்தானுக்கு ஒலி அலைகளைப் பற்றி எளிய தமிழில் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். 'கொட்டாவி'யில் 'எலிகளின் கடைசி ஊர்வலம்' என்று தலைப்பிட்டு எழுதினேன். கருவி ஒன்றை மிளகாய்க் கூட்டத்தார் வந்து வணங்குவதாக முடித்திருந்தேன். அதிகமாக அச்சடித்த பிரதிகளை அக்கா வேன் கண்ணாடி துடைக்க எடுத்துக்கொண்டாள்.

பருவத்தின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்று ஒரு நாள் ஓடிவிட்டால் வழி அக்காவுடையது. காலை ஆறு நாற்பதுக்கு அக்கா என் அறை ஜன்னலைத் தட்டினாள். கத்தவில்லை. மெதுவாகத் தட்டினாள். அதுதான் பயமாக இருந்தது.

"டேய், வண்டி சத்தமே போடலடா."

"அத்தான்?"

"அஞ்சு மணிக்கே போயிட்டார். பெரிய ரோட்டுல ஏதோ லாரி நின்னுடுச்சாம். போன் அடிச்சா எடுக்கல. லாரிக்கு அடியில கெடப்பார்."

வேனின் முன்மூடியைத் தூக்கினேன். என் கருவி இருந்தது. மூன்று விளக்குகளும் அணைந்திருந்தன. கருவியின் மேல், அது தந்த கதகதப்பில், ஒரு கூடு. சாக்கு நூல், பஞ்சு, நார், பொடிப்பொடியாகக் கிழித்த காகிதம். ஒரு துண்டில் 'கடைசி ஊர்வ' என்பது வரைக்கும் படிக்க முடிந்தது. நடுவில் ஒரு எலி உட்கார்ந்திருந்தது. வாசகர் ஆசிரியரைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தது. அப்புறம் அவசரமே இல்லாமல் இறங்கிப் போனது.

என் மஞ்சள் வயரைக் கடித்துத் துப்பியிருந்தது. உள்ளே இருந்த செம்பு வெளியே வந்து, வேன் தகட்டில் உராய்ந்துகொண்டு கிடந்தது. ஷார்ட் ஆகி ஃபியூஸ் போயிருக்கும். இன்ஜினின் ஃபியூஸ்.

"எலியாடா?" என்றாள் அக்கா. "எத்தனை வயர் போச்சு?"

அதுதானே எனக்கும் தெரியவில்லை. இதைக் கடித்த எலி மற்றதை விட்டிருக்குமா? ஒவ்வொரு வயராக விரலால் தடவிக்கொண்டே போனேன். சிவப்பு, கறுப்பு, நீலம், பச்சை. கடைசி மூலைவரைக்கும் கையை விட்டுத் தடவினேன். ஒரு கீறல் இல்லை. எல்லாம் வழவழவென்று, புதுசு மாதிரி, லேசான பளபளப்போடு இருந்தன. இருபது வயர் இருக்கும் இடத்தில் என் ஒரு வயரை மட்டும் தேடிப் பிடித்து ஏன் கடிக்க வேண்டும்? மஞ்சள் நிறம் பிடிக்குமோ? அறிவியலுக்கு எதிராக ஏதாவது சதியோ?

ஆழ்ந்து யோசிக்கும்போது என் விரல் தானாக வாய்க்குப் போகும். போனது.

முதல் நொடியில் ஒன்றுமில்லை. இரண்டாவது நொடியில் ஆள்காட்டி விரலிலிருந்து உதட்டுக்கு ஏதோ வந்தது. மூன்றாவது நொடியில் நாக்கு என்னுடையதாக இல்லை. காதிலிருந்து புகை வரும் என்று சொல்வார்களே, அதை மிகை என்று நினைத்திருந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூக்கிலும். எரிச்சலோடு சேர்ந்து ஒரு தெளிவும் பிறந்தது. மூன்று வாரமாக எலி ஏன் எதையும் கடிக்கவில்லை, இன்று ஏன் இந்த ஒன்றை மட்டும் கடித்தது என்று தெள்ளத் தெளிவாகப் புரிந்துவிட்டது. வேனில் மிளகாய் பூசாத வயர் அது ஒன்றுதான்.

"மணி ஆறு அம்பதுடா" என்றாள் அக்கா.

பேச வாய் இல்லை. கட்டிங் பிளையரை எடுத்து என் மஞ்சள் வயரை அடியோடு வெட்டிப் போட்டேன். ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தேன். மூடியில் அந்தப் பளபளப்பு இல்லை. அங்கே யாரோ சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள். மூடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒரு புது ஃபியூஸ் ஒட்டியிருந்தது. பக்கத்தில் அத்தானின் கோணல் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: 'மச்சானுக்கு.'

கருகிய ஃபியூஸைப் பிடுங்கிப் புதியதைச் சொருகினேன். அக்காவுக்குக் கையைச் சுழற்றிக் காட்டினேன். சாவியைத் திருகினாள். வேன் ஒரு தரம் இருமிவிட்டு உறுமியது.

அக்கா ஸ்டியரிங்மேல் ஒரு நொடி நெற்றியை வைத்துக்கொண்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் முகம் முழுக்க நீர்.

"டேய்... வண்டிதான் கெளம்பிடுச்சே. எதுக்குடா அழறே?" ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையைத் தடவினாள். "இவ்வளவு பாசமாடா என்மேல?"

மறுக்க நாக்கு ஒத்துழைக்கவில்லை. தலையாட்டினேன். ஏழுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது வேன் தெருமுனையில் திரும்பியது.

வீட்டுக்குள் ஓடினேன். குழாயைத் திறந்து வாயை வைத்தேன். தண்ணீர் போன இடமெல்லாம் நெருப்பும் கூடவே போனது. அம்மா பின்னாலிருந்து ஒரு செம்பு பாலை நீட்டினாள். அவள் முகத்தில் வியப்பு என்று எதுவும் இல்லை.

"வாய்ல வெச்சுக்கிட்டு முழுங்கு. தண்ணி கேக்காது" என்றாள்.

பாதிச் செம்பு காலியானதும் பேச்சு வந்தது. "உனக்குத் தெரியுமா?"

"மாப்பிள்ளை வேனுக்குள்ள தலைய விட்டு ஒரு ஞாயித்துக்கெழம முழுக்கப் பூசினார். டார்ச் பிடிச்சது யாருன்னு நெனச்சே? உங்க அக்கா துணி எடுக்கப் போயிருந்தா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான் பத்திரிகைக்காரனாச்சே."

அத்தான் மத்தியானம் வந்தார். முழங்கைவரை கிரீஸ். என் உதடுகளைப் பார்த்தார். அவை அப்போது என் முகத்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தன.

"பால் குடிச்சியா?"

"குடிச்சேன்."

"எந்த விரல்?"

"ஆள்காட்டி."

"ம்." கை கழுவப் போனார். பின்னாலேயே போனேன்.

"அத்தான், அக்கா வேணாம்னு சொன்னப்புறமும் ஏன் பூசினீங்க?"

"அவ கை படற எடத்துல ஒரு பொட்டு இல்ல, பாத்தியா? மூடி, பிடி எல்லாம் ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிட்டேன். போன தடவ நான் செஞ்சது தப்பு மச்சான். வேகத்துல எல்லா எடத்துலயும் அடிச்சிட்டேன். கை போற எடம், பல்லு போற எடம்னு பிரிச்சுப் பாக்கல." சோப்பைக் குழைத்துக்கொண்டே சொன்னார். "வழி போயிட்டா அவளுக்கு என்ன இருக்கு? இந்த வேன அவ தானா ஓட்டக் கத்துக்கிட்டு வாங்கினது."

"என் வயர் ஒண்ண மட்டும் ஏன் விட்டீங்க?"

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அது உன் மெஷின் இல்லையா? 'தொடாதே'ன்னு ஒட்டியிருந்தியே."

நான் சோப்பை வாங்கி, என் ஆள்காட்டி விரலை இன்னொரு தரம் கழுவினேன்.

சாயங்காலம் அக்கா வந்தாள். அடுத்த வருடம் முழுக்க வழி அவளுக்கே என்று அலுவலக அம்மா எழுதிக் கொடுத்த தாளை எல்லோர் மடியிலும் ஒரு தரம் வைத்து எடுத்தாள். பிள்ளைகள் கொடுத்த பழைய தாளோடு சேர்த்து அலமாரியில் வைத்தாள்.

"எல்லாம் இவன் மெஷினாலதான். மூணு வாரம் ஒரு வயர் கடிபடல. இன்னைக்கு என்னமோ ஒரு ஃபியூஸ் போச்சு, அதையும் அஞ்சு நிமிஷத்துல மாத்திட்டான். அழுதுட்டான் பாவம், பையன்." அத்தான் பக்கம் திரும்பினாள். "நீங்க இருந்தா அந்த நேரத்துக்கும் மிளகாயக் கொண்டாந்திருப்பீங்க."

அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். அத்தான் செய்தித்தாளைத் திருப்பினார். நான் வாயைத் திறந்தேன். செய்தித்தாளுக்கு மேலே இரண்டு கண் தெரிந்தது. நான் உண்மையைச் சொன்னால் இன்று ராத்திரி அந்தக் கண்களுக்கு உரியவர் வாசற்படியில் தூங்க வேண்டும். வாயை மூடினேன். மூடும்போது உதடு இன்னும் எரிந்தது.

"அப்புறம்டா," என்றாள் அக்கா, "நீல வேன்காரர் உன் மெஷின் ஒண்ணு கேக்கறார். பாவம், அவர் வண்டியிலயும் எலியாம்."

"செய்யலாம்க்கா. ஆனா நானே வந்து மாட்டித் தரணும்" என்றேன். "அத்தானும் கூட வந்தா நல்லாருக்கும்."

"அவர் எதுக்கு?"

"டார்ச் பிடிக்க."

சனிக்கிழமை காலை. அக்கா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கருவியை எடுத்துவிட்டால் மிளகாய்க்கு மறைவு இல்லாமல் போகும் என்பதால், அதைத் திரும்ப மாட்டினேன். புது மஞ்சள் வயர். தனி ஃபியூஸ். விளக்குகள் மூன்றும் கடமை தவறாமல் கண் சிமிட்டின. பட்டறையிலிருந்து வரும்போது அத்தான் எதற்கோ தன் கையுறை, சின்னத் தூரிகை, ஒரு பழுப்புப் புட்டி மூன்றையும் வேன் படியில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அவருக்கு எப்போதும் மறதி கிடையாது.

உறையை மாட்டி, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு குனிந்து, மஞ்சள் வயரில் முதல் பூச்சை அடித்தேன்.

"என்னடா பண்றே?" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

"மெஷினுக்கு சர்வீஸ்க்கா."

"கையில எதுக்கு உறை?"

"கரன்ட்டு."

அக்கா ஒரு தும்மல் போட்டாள். இன்னொன்றும் போட்டாள். "என்னமோ நெடி வருதே?"

"தீவனக் கடைதான்க்கா."

ஈரத் துணியை உதறும் சத்தம் மறுபடியும் கேட்டது. 'தொடாதே' சீட்டை உரித்து எடுத்தேன். முதல் பூச்சு காய்ந்திருந்தது. வயரின் அடிப்பக்கம், பல் போகிற இடம், ஒரு விரற்கடை விட்டுப்போயிருந்தது. அங்கே இரண்டாவது பூச்சு அடித்தேன். புட்டியின் அடியில் ஒரு சொட்டு மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன். இடது கையுறையைக் கழற்றி, ஆள்காட்டி விரல் நகத்தில் மெல்லத் தடவிக்கொண்டேன்.